இதயத்துல ஸ்டெம் செல்: போடறது எப்படி, தங்கறது எவ்வளவு?

[காட்சி: குன்னூர் மலைப்பாதை, பிறகு இதயத்தின் குறுக்குவெட்டுப் படம்]

ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் மாரடைப்புல பிழைச்சவங்க வீட்டுல, "ஸ்டெம் செல் (வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல்) போட்டா சரியாயிடுமா?"ன்னு கேக்கறாங்க. செல் கிடைக்கறது பெரிய விஷயம் இல்ல. துடிச்சுக்கிட்டே இருக்கற தசையில அதைத் தங்க வைக்கறதுதான் கஷ்டம். எப்படிப் போட்டாலும் சில மணி நேரத்துல பெரும்பகுதி இரத்தத்தோட போயிடுது.

[காட்சி: இதய இரத்தக்குழாயில் பலூன்]

ஒரு வழி, இரத்தக்குழாய் மூலமா. இடுப்பெலும்புல சுமார் 50 மி.லி. மஜ்ஜை எடுத்து செல்லைப் பிரிப்பாங்க. ஸ்டென்ட்டுக்குள்ள (அடைப்பு நீக்கி வெச்ச கம்பிவலைக் குழாய்) பலூனை லேசா ஊதி ஓட்டத்தை 3 நிமிஷம் நிறுத்தி, அதைத் தாண்டிச் செல்லை விடுவாங்க. 3 நிமிஷம் ஓட்டம் திறப்பாங்க. இப்படி 3 தடவை. மஜ்ஜையோட சின்ன செல்லுக்கு இது ஒத்துவரும். மீசன்கைமல்ங்கற பெரிய வகை ஸ்டெம் செல் 15–20 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), தந்துகிங்கற நுண் இரத்தக்குழாயோ 7–8 மைக்ரான். நிறைய செல் விட்டா அடைச்சுக்கிட்டு புது மாரடைப்பே வரலாம்.

[காட்சி: இடது கீழறைக்குள் ஊசிக் கதீட்டர்]

இன்னொண்ணு, தசையிலேயே குத்தறது. தொடைத் தமனி வழியா இடது கீழறைக்குள்ள போய், முதல்ல மின் வரைபடம் எடுப்பாங்க. செத்த தழும்புல குத்திப் பயனில்ல. அதோட விளிம்புல உயிருள்ள தசைதான் இலக்கு. இடத்துக்கு 0.2 மி.லி. வீதம் 15, 20 இடம். ஊசி இறங்கினதும் ஈ.சி.ஜி.யில ஒரு கூடுதல் துடிப்பு வந்தா, முனை தசையில இருக்குன்னு தெரியும். அவசரமா அழுத்தினா மருந்து ஊசித்தடம் வழியாவே திரும்பக் கசியும். சுவர் மெலிஞ்ச இடத்துல குத்தினா ஓட்டை விழுந்து, இதய உறைக்குள்ள இரத்தம் தேங்கி இதயத்தை நெருக்கும். உள்ள இரத்தக்கட்டி இருந்தாலோ, அயோர்ட்டாவுல (இதயத்துல இருந்து கிளம்பற பெரிய தமனி) உலோக வால்வு இருந்தாலோ இந்த வழி கூடாது.

பலன்? இரத்தக்குழாய் வழியைச் சோதிச்சு 2006-ல வந்த ரிப்பேர்-ஏ.எம்.ஐ. ஆய்வுல இதயத்தின் பம்ப் அளவு (ஒவ்வொரு துடிப்புலயும் வெளியே தள்ளற இரத்தத்தோட சதவீதம்) செல் போட்டவங்களுக்கு 5.5 புள்ளி, போடாதவங்களுக்கு 3.0 புள்ளி கூடுச்சு. தசையில குத்தற வழியைச் சோதிச்சு 2023-ல வெளியான, 565 பேரைச் சேர்த்த ட்ரீம்-எச்.எஃப். ஆய்வு, முன்கூட்டியே வெச்ச முதன்மை இலக்கை எட்டல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரோட 2017 வழிகாட்டுதல்படி இதயத்துக்கு இது ஆய்வுக்குள்ள மட்டும்தான். அதனால சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுகளோட பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்க. ஆய்வுல செல்லுக்குப் பணம் வாங்கக் கூடாது. இதய மாத்திரையையும் நிறுத்திடாதீங்க.

கோயம்புத்தூர்லயோ வேற ஊர்லயோ செஞ்சுக்கிட்டா, டாக்டர் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து அனுமதிக்கற வரைக்கும் மலை ஏறாதீங்க. கொண்டை ஊசி வளைவுல தொடையை மடக்கி நெடுநேரம் உட்கார்ந்தா துளை போட்ட இடம் இரத்தம் கசியலாம். இதய உறையில கசிவு தாமதமாவும் வரும். பாதி வழியில எக்கோ எடுக்க முடியாது.