உப்பளத்து வெயிலும் ஒரு டம்ளர் தண்ணீரும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். வாலிநோக்கம், திருப்புல்லாணி, உப்பூர் பக்கம் உப்பளத்தில் நிற்கிறவர்கள், பாம்பன் கரையில் பாசி எடுக்கிற அக்கா தங்கச்சிகள், மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரத்திலிருந்து கடலுக்குப் போகிறவர்கள், சாயல்குடிப் பக்கம் பனை ஏறுகிறவர்கள் என்று உங்களை நினைத்துக்கொண்டுதான் வெயிலிலிருந்து உடம்பைக் காப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்தக் கரையோர ஊர்களில் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நர்சம்மா என்று என்னைக் கூப்பிட்டவர்களில் சிலராவது இப்போது கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

"வேலூரில் 42 டிகிரியாம், நமக்கு 35தானே, கடல் காத்து வேற இருக்கு" என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்த நினைப்புதான் எனக்குப் பயம். உடம்புச் சூடு இறங்குவதற்கு முக்கிய வழி வேர்வை. வேர்த்தால் மட்டும் போதாது, அந்த வேர்வை காய வேண்டும். காயும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை காயாமல் சொட்டி வீணாகப் போகிறது. தண்ணீரும் உப்பும் வெளியேறுகின்றன, சூடு மட்டும் உள்ளேயே நிற்கிறது. வானிலைத் துறையின் கணக்கைப் பாருங்கள். சமவெளியில் 40 டிகிரியைத் தொட்ட பிறகுதான் வெப்ப அலையா என்று பார்க்கிறார்கள். கடலோரத்துக்கு அந்த அளவு 37தான். உப்பளத்தில் மேலிருந்து அடிக்கிற வெயில் போதாதென்று, வெள்ளை உப்பில் பட்டுத் திரும்புகிற வெயிலும் முகத்தில் அடிக்கும்.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது? வெயிலில் பாடுபடுகிறவர்கள் கால் மணிக்கு, அதிகம் போனால் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். அதாவது கால் லிட்டர். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், தாகம் எடுக்கும்போதே உடம்பு கொஞ்சம் வற்றியிருக்கும். அதற்காக மொத்தமாகச் சேர்த்து இரண்டு லிட்டரை ஒரே மூச்சில் குடிப்பதும் தப்பு. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் ரத்தத்தில் உப்பு இறங்கி வாந்தி, மயக்கம் வரும், வலிப்புகூட வரலாம். சிறுநீர் வெளுத்த மஞ்சளாகப் போனால் சரி. கடுங்காப்பி மாதிரி போனால் வேலையை நிறுத்திவிட்டு நிழலுக்குப் போங்கள், உடனே வைத்தியரையும் பாருங்கள்.

வேர்வையோடு உப்பும் போவதால்தான் சாயங்காலம் கெண்டைக்கால் குரக்களி பிடித்து இழுக்கிறது. இதற்கு நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. பழைய சோற்று நீராகாரத்தில் ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு சின்ன வெங்காயம். இல்லையென்றால் உப்புப் போட்ட நீர்மோர். சாயல்குடிக்காரர்களுக்குப் பதநீரும் நுங்கும் இருக்கிறது. கலர் சோடாவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ராத்திரி சாராயம் குடித்துவிட்டு விடியக்காலையில் வள்ளம் ஏறுகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை: அந்தக் குடி, வெயில் வருவதற்கு முன்பே உடம்புத் தண்ணீரை இறைத்துவிடும்.

ரொம்ப வேர்த்து ஓய்ந்துபோனால் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் குடிக்கலாம். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றுகிற மருந்து தீர்ந்துபோனபோது, திலீப் மஹாலனாபிஸ் என்ற டாக்டர் உப்பையும் சர்க்கரையையும் கரைத்துக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். சர்க்கரை சேர்ந்தால்தான் குடல் உப்பையும் தண்ணீரையும் வேகமாக இழுத்துக்கொள்ளும். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவில்தான் கரைக்க வேண்டும். பாக்கெட் இல்லையா, ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பிரஷர், கிட்னி, சர்க்கரைக்காரர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெயில் காலத்தில் அதைப் பற்றிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கடலில் இருப்பவர்களுக்கு ஒன்று. கேனில் தண்ணீர் தீர்ந்தாலும், எஞ்சின் பழுதாகிப் படகு நின்றாலும், கடல் தண்ணீரை மட்டும் வாயில் வைக்காதீர்கள். அதில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அவ்வளவு உப்பை வெளியே தள்ள, குடித்ததைவிட அதிகத் தண்ணீரைச் சிறுநீரகம் செலவழிக்கும். பாசி எடுக்கிற அக்காமாருக்கும் சொல்கிறேன், கழுத்தளவு தண்ணீரில் நின்றாலும் வேர்க்கும். அது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் வலை பின்னிக்கொண்டு, பெரும்பாலும் நிழலிலேயே இருப்பார்கள். ஜூன் 15 அன்று ஒரேயடியாக நாள் முழுக்க வெயிலில் வலை இழுப்பார்கள். வெயிலுக்குப் பழகிய உடம்புகூட ஒன்றிரண்டு வாரம் விட்டால் அந்தப் பழக்கத்தை இழக்கத் தொடங்கும், திரும்பப் பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். அனுபவசாலிக்கும் இதே கதைதான். ஆகவே முதல் சில நாள் ஆள் மாற்றி ஆள் வலையைப் பிடியுங்கள். உப்பளத்துக்குப் புதிதாக வருகிற ஆளுக்கு முதல் நாளே முழு வேலை கொடுக்காதீர்கள். காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கும் அப்படித்தான்.

இப்போது சொல்வதை வீட்டில் எல்லோரும் கேளுங்கள். வெயிலில் நிற்கிறவர் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், கூப்பிட்டால் பதில் சொல்லாவிட்டால், அது சாதாரணக் கிறுகிறுப்பு இல்லை. மூளை வரைக்கும் சூடு ஏறிவிட்டது. வேர்வை நின்று தோல் காய்ந்துதான் இருக்க வேண்டும் என்பதில்லை, பாடுபடுகிறவருக்கு வேர்த்துக்கொண்டிருக்கும்போதே இது வரும். 108-க்கு ஒருவர் போன் போடட்டும். மற்றவர்கள் வண்டிக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள், அந்த இடத்திலேயே உடம்பைக் குளிர வையுங்கள். நம் கரையில் இதற்கு ஒரு வசதி உண்டு, மீனுக்கு வைத்திருக்கிற ஐஸ். நிழலில் படுக்க வைத்து, துணியைத் தளர்த்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். உடம்பின் மேல் ஊற்றக் கடல் தண்ணீரும் ஆகும். ஐஸைத் துணியில் கட்டிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள், விசிறுங்கள். நினைவு தடுமாறியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது. 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொல்லியிருக்கிறது. உதவி இருக்கிறது, ஆனால் அந்த நிலைக்கு யாரும் போக வேண்டாம்.

கடைசியாக, என் மனசில் ரொம்ப நாளாகக் கிடக்கிற ஒன்று. உப்பளத்தில் உப்பு வாரும் ஒரு அக்கா, பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்து உதட்டை மட்டும் நனைத்துவிட்டு மூடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தண்ணீர் முக்கால் பாட்டில் இருந்தது. வெயிலில் கிடந்து பாட்டிலே சுட்டது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டதற்கு, "எங்கிட்டுப் போறது நர்சம்மா?" என்றார். சுற்றிலும் பார்த்தேன். பாத்தியும் வரப்புமாக வெட்டவெளி, ஒதுங்க ஒரு கருவேலஞ்செடிகூட இல்லை. விடிகாலையில் வந்தவர் வீடு திரும்புகிற வரைக்கும் அடக்கிக்கொண்டே நிற்கிறார். அப்புறம் நீர்க்கடுப்பு என்று ஊசி போட வருகிறார். அவரிடம் போய் நிறையக் குடியுங்கள் என்று அறிவுரை சொல்லி என்ன பிரயோஜனம்? சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வில், கடும் வெயிலில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து இரண்டு மடங்கு என்று தெரிந்தது. அந்தப் பெண்கள் நம் உப்பளத்திலும் நிற்கிறார்கள்.

குடம் வைக்கிற தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு நாலு தெரு அலைந்து பிடிக்கிற தண்ணீரில்தான் வேலைக்கும் பாட்டில் நிரப்புகிறோம். ஆகவே இந்தப் பாரத்தைத் தொழிலாளி தலையில் போடுவது நியாயம் இல்லை. உப்பள முதலாளிமார், கான்ட்ராக்டர்களிடம் கேட்கிறேன். வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே நாலு கால் நட்டு ஓலைக் கொட்டகை போடுங்கள். அதில் ஈரச்சாக்கு சுற்றிய மண்பானையில் நல்ல தண்ணீர் வையுங்கள். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை, கூலியைக் குறைக்காமல், அவர்களை அந்த நிழலில் உட்கார விடுங்கள். கொட்டகைக்குப் பின்னால், உள்ளே தாழ்ப்பாள் வைத்த கதவோடு பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டிக் கொடுங்கள்.