ஒரு மணிக் கச்சேரி

கோவை வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நான் திருப்பூரில் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். பனியன் கம்பெனிகள் நெருக்கமாக இருக்கும் ஒரு தெருவில், மாடியில் என் வகுப்பு. மதியம் ஒரு மணிக்குத் தையல் மெஷின்கள் ஓய்ந்ததும் டிபன் பாக்ஸ்கள் திறக்கும் சத்தம் படியேறி வரும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் பியானோ கலைஞர் மைரா ஹெஸ் ஞாபகம் வந்துவிடும். அவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மைரா ஹெஸ் 1890-இல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்து வயதிலேயே பியானோ. பிறகு ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் டோபையாஸ் மாத்தேயிடம் படித்தார். மைரா கடைசிவரை அவரைத்தான் தன் குரு என்று கொண்டாடினார். 1907-இல், பதினேழு வயதில், லண்டன் குயின்ஸ் ஹாலில் பெரிய வாத்தியக் குழுவோடு அரங்கேற்றம். எடுத்துக்கொண்டது பீத்தோவனின் நான்காவது பியானோ கான்செர்ட்டோ, அதாவது பியானோவும் வாத்தியக் குழுவும் மாறி மாறியும் சேர்ந்தும் வாசிக்கும் இசை. வழக்கமாக வாத்தியக் குழு முதலில் முழங்கி மேடையைத் தயார் செய்து கொடுக்கும், பியானோ அப்புறம்தான் வரும். இந்த கான்செர்ட்டோவில் பியானோ தனியாக, மெதுவாக, ஐந்தே அடிகளில் பேச்சைத் தொடங்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வேகத்தைக் காட்டி மறைந்துகொள்ள அங்கே இடமே கிடையாது. பதினேழு வயசுப் பெண் அதைத் துணிந்து எடுத்தாரே என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

அதற்குப் பிறகு பேர் மெல்லத்தான் வளர்ந்தது. 1922-இல் நியூயார்க்கில் வாசித்த பின்பு அமெரிக்கா அவரைக் கைவிடவே இல்லை, வருஷா வருஷம் அழைத்தது.

1939 செப்டம்பரில் போர் வந்தது. குண்டுக்குப் பயந்து லண்டன் இரவில் விளக்கை அணைத்தது. அரங்கங்களை மூடினார்கள். லண்டனின் ஓவியக் காட்சிக்கூடமான நேஷனல் கேலரியில் இருந்த ஓவியங்களை வண்டி வண்டியாக ஏற்றி வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். மைராவுக்கு அந்த நேரத்தில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தயாராக இருந்தது. போயிருந்தால் பணமும் பாதுகாப்பும் கிடைத்திருக்கும். அவர் அதை ரத்து செய்துவிட்டு, கேலரியின் இயக்குநர் கென்னத் கிளார்க்கிடம் போய், வெறும் சுவரோடு நிற்கும் அந்தக் கூடத்தில் கச்சேரி வைக்கலாமா என்று கேட்டார். இரவில் வைக்க முடியாது, சரி, மதியம் ஒரு மணிக்கு வைப்போம். ஆபீஸ்காரர்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்து கேட்டுவிட்டுப் போகட்டும். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங்.

அக்டோபர் 10-ஆம் தேதி முதல் கச்சேரி. கொஞ்சம் பேர் வந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தார்கள். வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது, கிட்டத்தட்ட ஆயிரம் பேர். மைராவே வாசித்தார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். போர் ஜெர்மனியோடு. அவர் வாசித்ததோ பாக், பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ். ஜெர்மன் மொழி பேசிய மண்ணின் இசை. அதை அவர் யாருக்காகவும் தவிர்க்கவில்லை, வந்தவர்களும் முகம் சுளிக்கவில்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை கச்சேரி. 1940-இல் குண்டுவீச்சு கடுமையானதும் கீழ்த்தளத்துக்கு இடம் மாறினார்கள். ஒருநாள் பீத்தோவனின் நால்வர் இசை நடந்துகொண்டிருக்கும்போதே கட்டடத்தில் புதைந்திருந்த குண்டு வெடித்தது. வாசித்தவர்கள் தாளம் தப்பவில்லை என்று சொல்வார்கள். பெரிய வித்வானோ புதியவரோ, வாசிப்பவர் எல்லோருக்கும் ஒரே சம்பளம். மைரா தனக்கென்று வாங்கிக்கொள்ளவில்லை. தேனும் உலர்திராட்சையும் வைத்த சாண்ட்விச் அங்கேயே விற்றார்கள், அதுவும் தனியாகப் பேர் வாங்கியதாம். 1946 ஏப்ரல் 10 வரை மொத்தம் 1,698 கச்சேரிகள்.

மைராவின் பேரைக் கேட்டதும் பலருக்கு நினைவு வருவது பாக் இசையமைத்த ‘ஜீசு, ஜாய் ஆஃப் மேன்ஸ் டிசையரிங்’. அதைப் பியானோவுக்கு ஏற்ப அமைத்து 1926-இல் வெளியிட்டவர் அவர்தான். நம் ஊர் சர்ச்சுகளில் கல்யாணத்தின்போது நீங்களும் கேட்டிருப்பீர்கள். மூன்று மூன்றாக ஓடும் சுரங்கள், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்ட முதல் வாரம் போல நிற்காமல் போகும். அதற்கு நடுவில் நிதானமாக ஒரு பாட்டு கிளம்பும். கஷ்டமே அங்கேதான். ஒரே கையில் சில விரல்கள் ஓட்டத்தை லேசாகத் தொட வேண்டும், வேறு விரல் பாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா விரலும் ஒரே பலத்தில் விழுந்தால் பாட்டு தண்ணீரில் கரைந்து போய்விடும். என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு நடுப்பாட்டை முதலில் வாயால் பாடச் சொல்வேன். பாடத் தெரிந்த பிறகு விரல் தானாகத் தேடிக்கொள்ளும்.

ரெக்கார்டிங் அறை மைராவுக்குப் பிடிக்காது. எதிரே ஆள் உட்கார்ந்து கேட்க வேண்டும் அவருக்கு. 1961-இல் மேடையை விட்டார், 1965-இல் காலமானார்.

என் மாணவி ஒருத்தியின் அம்மா எங்கள் தெருக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். ஒரு சனிக்கிழமை மதியம் மகள் வாசிப்பதைக் கேட்க வந்தவர், சுவரோரம் உட்கார்ந்து டிபன் பாக்ஸ் மூடியைச் சேலை முந்தானையால் பொத்தி, இம்மி இம்மியாகத் திருகினார். பாதியில் என்னைப் பார்த்து, “சத்தம் வந்துருச்சுங்களா டீச்சர்?” என்றார். வரவில்லை என்றேன். அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஒரு மணிக்கு வகுப்புக் கதவைத் திறந்தே வைக்கிறேன். பிள்ளைகள் அரைமணி நேரம் வாசிக்கிறார்கள். போன வாரம் பதினொரு பேர் சாப்பாட்டோடு வந்தார்கள். அதில் ஒரு கட்டிங் மாஸ்டர், எழுந்து போகும்போது, அந்த நடுப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்.

வணக்கம்.