முதலை வயித்துக்குள்ள நிலக் கணக்கு

வணக்கம் நண்பர்களே. நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

1900ஆம் வருஷம், ஜனவரி மாசம். எகிப்துல ஃபாயூம்னு ஒரு பகுதி, அங்க தெப்துனிஸ்ங்கிற பழைய ஊரோட இடுகாட்டைத் தோண்டிட்டு இருக்காங்க. வேலைய நடத்துறது கிரென்ஃபெல், ஹன்ட்னு ரெண்டு ஆக்ஸ்ஃபோர்டு ஆளுங்க. பணம் கொடுக்கிறது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். அவங்க தேடுறது மனுஷ மம்மிகளை. கிடைக்கிறதெல்லாம் முதலை. குழிக்குக் குழி, வரிசை வரிசையா, பதம் பண்ணித் துணி சுத்தின முதலை மம்மி. அந்த ஊர் சாமி சோபெக், முதலை உருவம். அதனால பக்தர்கள் முதலையைப் புதைச்சுத் தள்ளியிருக்காங்க.

தோண்டுறவருக்கு முதலை கிடைச்சா என்ன லாபம்? ஒண்ணும் கிடையாது. ஒரு தொழிலாளி கடுப்பாகி, கையில இருந்த முதலையை ஓங்கி உடைச்சுட்டார். உடைஞ்ச முதலைக்குள்ள இருந்து என்ன வந்துச்சு தெரியுமா? பாப்பிரஸ். அதாவது நாணல்ல செஞ்ச அந்தக் காலத்துக் காகிதம், எழுத்தோட இருக்கிறது. மேல சுத்தியிருக்கு, உள்ளயும் அடைச்சு வெச்சிருக்கு.

அதுக்கப்புறம் அந்த இடத்துல முதலைக்கு வந்த மரியாதையைப் பார்க்கணுமே!

சரி, முதலைக்குள்ள எழுத்து எப்படி வந்துச்சு? மந்திரமா, சாபமான்னு கேட்காதீங்க. அது பழைய பேப்பர், அவ்ளோதான். மம்மி செய்றவங்களுக்கு உள்ள அடைக்க, உருவம் நிக்க, மலிவா ஏதாவது வேணும். அரசாங்க அலுவலகத்துல வேலை முடிஞ்ச காகிதம் குவிஞ்சு கிடக்கும். அது இவங்க கைக்கு வந்துடுச்சு. அப்படி வந்த கட்டுல ஒண்ணு மென்கெஸ்ங்கிறவரோட அலுவலகக் கோப்பு. கெர்கியோசிரிஸ்னு ஒரு சின்ன கிராமம், கி.மு. 2ஆம் நூற்றாண்டோட கடைசி, மென்கெஸ் அங்க கிராமக் கணக்கர். எந்த வயல் யார்கிட்ட இருக்கு, என்ன விதைச்சிருக்காங்க, எவ்வளவு தானியம் கட்டணும், யார் யார் மேல புகார் கொடுத்திருக்காங்க, எல்லாம் அதுல இருக்கு. எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சமான டாலமி ராஜாக்கள் காலத்துல ஒரு எகிப்திய கிராமம் எப்படி நடந்துச்சுன்னு நமக்கு இவ்வளவு விவரமாத் தெரியுதுன்னா, அதுக்குப் பெரிய காரணம் அந்த முதலைங்கதான்.

இன்னிக்கு நான் பேசப்போறது முழுக்க இப்படிப்பட்ட சமாச்சாரம்தான். தூக்கிப் போட்ட பொருள். எனக்கு இதுல ஒரு பிடிவாதமான கருத்து இருக்கு, முதல்லயே சொல்லிடறேன். எகிப்து ராஜா துதன்காமுனோட தங்க முகமூடி அழகா இருக்கு, மறுக்கல. ஆனா ராஜாவோட கல்லறை, வெற்றித் தூண் இதெல்லாம் "என்னை இப்படித்தான் நினைக்கணும்"னு ஏற்பாடு பண்ணி வெச்சது. குப்பையில போட்டவன் நம்மளைப் பத்தி யோசிக்கவே இல்ல. அதனால நான் குப்பையைத்தான் நம்புவேன்.

இதே கிரென்ஃபெல், ஹன்ட் ரெண்டு பேரும் தெப்துனிஸுக்கு முன்னாடியே ஒரு பெரிய குப்பைமேட்டைப் பிடிச்சிருந்தாங்க. கெய்ரோவுக்குத் தெற்கே சுமார் 160 கிலோமீட்டர்ல ஆக்ஸிரிங்கஸ்னு ஒரு ஊர். இப்போ எல் பஹ்னஸான்னு பேரு. 1896 கடைசியில போனாங்க. ஊர்ல நின்ன கட்டடம் பெருசா ஒண்ணும் மிச்சமில்ல, கல்லைப் பெயர்த்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆனா ஊருக்கு வெளியே நூத்தாண்டு நூத்தாண்டா கொட்டின குப்பை மேடு மேடா நின்னுச்சு, சில இடத்துல 9 மீட்டர் ஆழத்துக்கு.

காகிதம் எப்படி மக்காம இருந்துச்சு? அங்க மழை கிட்டத்தட்ட கிடையாது. ஊர் நைல் கரையிலயும் இல்ல, பக்கத்துல ஓடுற ஒரு கால்வாயை நம்பின ஊர். அதனால வருஷா வருஷம் வர்ற நைல் வெள்ளம் இந்த மேட்டைத் தொடல. நிலத்தடி நீரும் ஏறல. மேல மணல் மூடிடுச்சு. முடிஞ்சது.

1897 ஜனவரியில மேட்டை வெட்ட ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்ச ரெண்டாவது நாளே, இயேசு சொன்னதா சில வாசகங்கள் எழுதின ஒரு தாள் சிக்குச்சு. பைபிள்ல இல்லாத வாசகங்களும் அதுல இருந்துச்சு. அது தாமஸ் சுவிசேஷத்தோட ஒரு பகுதின்னு பல வருஷம் கழிச்சு, எகிப்துலயே இன்னொரு இடத்துல முழுப் பிரதி கிடைச்சப்புறம்தான் புரிஞ்சுது. அப்புறம் கிரேக்கப் பெண் கவிஞர் சாப்போவோட தொலைஞ்சு போன கவிதை வரிகள், கிரேக்க நாடக ஆசிரியர் மெனாண்டரோட நாடகப் பகுதிகள்னு வந்துட்டே இருந்துச்சு. 1907 வரைக்கும் ஆறு பருவம் தோண்டினாங்க. மொத்தம் சுமார் 5 லட்சம் துண்டுகள். கட்டி அனுப்பறதுக்குப் பெட்டி பத்தாம பிஸ்கட் டின்னுலகூடப் போட்டு இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்காங்க.

இந்த 5 லட்சத்துல இலக்கியம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், கல்யாண ஒப்பந்தம், ஜோசியம், வழக்கு, கடுதாசி. அதுல என் மனசுக்குப் பிடிச்சது ஒரு சின்னப் பையன் எழுதின கடுதாசி. பேரு தியோன். அவங்க அப்பா பேரும் தியோன்தான். கி.பி. 2 இல்ல 3ஆம் நூற்றாண்டு. அப்பா இவனை விட்டுட்டு அலெக்சாண்ட்ரியா கிளம்பிட்டார். பையனுக்குக் கோபம்னா கோபம். கிரேக்கத்துல எழுதியிருக்கான், எழுத்துப்பிழை கொட்டிக் கிடக்கு. விஷயம் என்னன்னா:

"ரொம்ப நல்ல காரியம் பண்ணினே, என்னைப் பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போகாம! அலெக்சாண்ட்ரியாவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போகலேன்னா உனக்குக் கடுதாசி எழுத மாட்டேன், உன்கூடப் பேச மாட்டேன், நீ நல்லா இருன்னு சொல்லவும் மாட்டேன்."

அதோட விடல. "இவன் என் உயிரை எடுக்கறான், இவனைக் கூட்டிட்டுப் போ"ன்னு அம்மா வேற ஒருத்தர்கிட்ட சொன்னதையும் இவனே எழுதி வெச்சிருக்கான். அப்பா ஏதோ பயறு அனுப்பியிருக்கார் போல. "பெரிய்ய பரிசு அனுப்பிட்டே"ன்னு அதுக்கும் ஒரு குத்தல். கடைசியில, என்னைக் கூப்பிட்டுக்கோ, இல்லேன்னா சாப்பிட மாட்டேன், குடிக்க மாட்டேன், அவ்வளவுதான்!

ரோமப் பேரரசு உச்சத்துல இருந்த காலம், இதைப் பத்தி எத்தனையோ வரலாறு எழுதியிருக்காங்க. ஆனா ஒரு பையன் அப்பாவை மிரட்டுறதை எந்த வரலாற்று ஆசிரியரும் எழுதல. அதைக் குப்பைமேடு வெச்சிருந்து கொடுத்துச்சு. கடுதாசி இப்போ ஆக்ஸ்ஃபோர்டுல போட்லியன் நூலகத்துல இருக்கு. மத்த துண்டுகளைப் படிச்சுப் பதிப்பிக்கிற வேலை 1898ல ஆரம்பிச்சது, இன்னும் முடியல. 80 தொகுதிக்கு மேல வந்தாச்சு, அப்பவும் பதிப்பானது 5,000 சொச்சம் பிரதிகள்தான். மீதி அட்டைப் பெட்டியில தூங்குது. அதுல தியோன் அப்பாவோட பதில் இருந்தாலும் இருக்கும், யாரு கண்டா!

காகிதம் வாங்கக் காசு இல்லாதவன் எதுல எழுதுவான்? கல்லுச் சில்லுல, உடைஞ்ச பானை ஓட்டுல. லக்சருக்கு எதிர்க்கரையில டெய்ர் எல் மெதினான்னு ஒரு கிராமம். ராஜாக்களோட கல்லறையைக் குடைஞ்ச தொழிலாளிங்க குடும்பத்தோட இருந்த ஊர். தண்ணி வரும்னு நினைச்சு அங்க ஒரு பெரிய கிணறு வெட்டியிருக்காங்க, ஆழம் சுமார் 50 மீட்டர். தண்ணி வரல. அப்புறம் அது குப்பைக் குழி ஆயிடுச்சு, அதுக்குள்ள இருந்து எழுத்து இருக்கிற கல்லுச் சில்லும் ஓடும் ஆயிரக்கணக்குல வந்துச்சு.

அந்த ஊர்க் கல்லுல ஒண்ணு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துல இருக்கு. இரண்டாம் ராம்செஸோட 40ஆவது ஆட்சி வருஷம், 40 தொழிலாளிகளோட வருகைப் பதிவு. 280 நாளுக்குக் கணக்கு. யார் என்னிக்கு வரல, ஏன் வரல. ஒருத்தனைத் தேள் கொட்டிடுச்சு. ஒருத்தனுக்குக் கண்ணு சரியில்ல. ஒருத்தன் பீர் காய்ச்சப் போயிட்டான், அதையும் காரணமா ஏத்துக்கிட்டு எழுதியிருக்காங்க! மேஸ்திரி நல்லவரா இருந்திருக்கணும்.

இதே ஊர் ஆளுங்கதான் பின்னாடி மூன்றாம் ராம்செஸ் காலத்துல, கூலியாத் தர வேண்டிய தானியம் வரலேன்னு வேலையை நிறுத்திட்டு, கோயில் பக்கம் போய் உட்கார்ந்துட்டாங்க. பசியும் தாகமும்தான் எங்களை இங்க வர வெச்சதுன்னு சொல்லியிருக்காங்க. எழுத்துல பதிவான உலகத்தோட முதல் வேலைநிறுத்தம் அதுதான்னு சொல்றாங்க. அந்தப் பாப்பிரஸ் இத்தாலியில தூரின் அருங்காட்சியகத்துல இருக்கு.

ரோம்ல குப்பையே ஒரு மலை. மோன்தே தெஸ்தாச்சோ, சுமார் 35 மீட்டர் உயரம், முழுக்க உடைஞ்ச எண்ணெய் ஜாடி. 5 கோடிக்கு மேல ஜாடி இருக்கும்னு மதிப்பிடறாங்க. ஆலிவ் எண்ணெய் மண்ணுல ஊறினா நாத்தம் பிடிச்சிடும், திரும்பப் பயன்படாது, அதனால உடைச்சு அடுக்கினாங்க. எடை, வியாபாரி பேரு, வருஷம் எல்லாம் ஜாடி மேலயே எழுதியிருக்கு. எண்ணெய் வியாபார ஆளுங்களுக்கு அது பொக்கிஷம். நான் அதுக்குள்ள இறங்கல.

கடைசியா ஏதென்ஸ். இது கொஞ்சம் சண்டைக்கு இழுக்கிற கதை, கமெண்ட்ல வாங்க.

கி.மு. 5ஆம் நூற்றாண்டுல ஏதென்ஸ் மக்களுக்கு ஒரு உரிமை இருந்துச்சு. யாராவது ஒரு தலைவர் ரொம்பப் பெரிய ஆளா வளர்ற மாதிரித் தெரிஞ்சா, அவர் பேரைப் பானை ஓட்டுல கீறி ஓட்டுப் போடலாம். 6,000 ஓடு வேணும். மாட்டினவர் 10 வருஷம் ஊரை விட்டுப் போகணும். சொத்து அவர்கிட்டயேதான் இருக்கும், தண்டனைன்னு பேரு கிடையாது, போகணும் அவ்ளோதான்.

1937ல அக்ரோபோலிஸ் குன்றோட வடக்குச் சரிவுல ஒரு கிணத்தைத் தோண்டினாங்க. ஆஸ்கர் பிரோனியர்ங்கிறவர் தலைமை. உள்ள சுமார் 190 ஓடு. கிட்டத்தட்ட எல்லாத்துலயும் ஒரே பேரு, தெமிஸ்டோக்ளிஸ். சலாமிஸ் கடற்போர்ல பாரசீகப் படையைத் தோற்கடிச்ச அதே தெமிஸ்டோக்ளிஸ். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தா, 190 ஓட்டையும் எழுதினது வெறும் 14 பேர்.

கள்ள ஓட்டுன்னு உடனே தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா எழுதத் தெரியாதவங்களுக்கு முன்கூட்டியே எழுதி விநியோகம் பண்ணியிருக்கலாம், மிஞ்சினதைக் கிணத்துல கொட்டியிருக்கலாம்னு ஒரு வாதம் இருக்கு. நான் அதை ஒத்துக்கிறேன், ஆனா பாதிதான். எழுதத் தெரியாதவருக்கு உதவி பண்றவங்க நாலு பேர் பேரை எழுதி வெச்சு, எது வேணும்னு கேட்கணும் இல்லையா? இங்க ஒரே பேர்தான் இருக்கு. இது ஒரு கோஷ்டியோட வேலை. சட்டத்துக்கு விரோதமான்னு கேட்டா, அது வேற விஷயம்.

தெமிஸ்டோக்ளிஸ் கி.மு. 471 வாக்குல ஊரை விட்டுப் போனார். சுத்திச் சுத்திக் கடைசியில எங்க போய்ச் சேர்ந்தார்? பாரசீக ராஜாகிட்ட. எந்தப் படையைக் கடல்ல அடிச்சாரோ அந்த ராஜ்யத்துலயே, மக்னீசியாங்கிற ஊருக்கு அதிகாரியா உட்கார்ந்து, தன் பேர்ல நாணயமும் அடிச்சார். அந்த நாணயம் இன்னும் கிடைக்குது. ஆக, அந்த 14 பேர் செஞ்சது தேர்தல் வேலையா, தில்லுமுல்லா? உங்க ஓட்டைக் கீழ போடுங்க. ஒருத்தருக்கு ஒண்ணுதான்.