அமுக்குவான் பேய் வந்தால் என்ன செய்வது? கனவைக் கைக்குள் கொண்டுவர முடியுமா?

[திரையில்: இருட்டறை. கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கும் ஒருவர்.]

விழிப்பு வந்துவிட்டது. மேலே சுற்றும் மின்விசிறி தெரிகிறது. ஆனால் கையைத் தூக்க முடியவில்லை, கத்த நினைத்தால் குரல் வரவில்லை. நெஞ்சின் மேல் ஏதோ ஏறி உட்கார்ந்திருக்கிறது. அறை மூலையில் யாரோ நிற்கிறார்கள்.

நம் ஊர்ப்பக்கம் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். தலையணைக்கு அடியில் இரும்பு வைப்பார்கள், நெற்றியில் திருநீறு பூசிவிடுவார்கள். ஜப்பானில் இதற்குக் கனாஷிபாரி என்று பெயர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு கிழவி வந்து நெஞ்சில் ஏறுகிறாள் என்பார்கள்.

[திரையில்: ஃபூஸ்லியின் ஓவியம்.]

ஹென்றி ஃபூஸ்லி 1781இல் வரைந்த இந்த ஓவியத்தைப் பாருங்கள். மல்லாந்து கிடக்கும் பெண்ணின் மேல் ஒரு குட்டிப் பிசாசு குந்தியிருக்கிறது. ஒருவரையொருவர் அறியாத ஊர்க்காரர்கள் எல்லாரும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். அதனால் உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். அவர்கள் அனுபவித்தது உண்மை.

சரி, உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் ஒன்றைக் கவனித்தார்கள். தூக்கத்தின் சில கட்டங்களில், மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக ஓடுகின்றன. அந்த நேரத்தில் எழுப்பினால் பலரும் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள். இதுதான் ரெம் தூக்கம். சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும், விடியலை நெருங்க நெருங்க நீளும்.

இந்தக் கட்டத்தில் மூளைத்தண்டு கை, கால், உடல் தசைகளைத் தளர்த்தி வைத்துவிடுகிறது. கண்ணை அசைக்கும் தசைகளும், மூச்சை நடத்தும் உதரவிதானமும் மட்டும் வேலை செய்யும். பிரான்ஸின் தூக்க ஆய்வாளர் மிஷெல் ஜூவே, பூனைகளின் மூளைத்தண்டில் இப்படித் தசைகளைத் தளர்த்தும் பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார். அவை தூங்கியபடியே எழுந்து, இல்லாத இரையின் மேல் பாய்ந்தன. அப்படியென்றால் இந்த முடக்கம் நமக்கு ஒரு பாதுகாப்பு. கனவில் ஓடும்போது நிஜத்தில் சுவரில் மோதாமல் இருப்பது இதனால்தான்.

சில நேரம் விழிப்பு முந்திக்கொள்கிறது, முடக்கம் விலகத் தாமதமாகிறது. அதுதான் ஸ்லீப் பராலிசிஸ். ஆழமாக மூச்சிழுக்க நீங்கள் முயல்கிறீர்கள், நெஞ்சுத் தசைகள் ஒத்துழைக்கவில்லை. அது பாரமாகத் தெரிகிறது. கனவு பாதி ஓடிக்கொண்டிருக்க, அச்சத்தை எழுப்பும் மூளைப் பகுதியும் உஷாராக இருப்பதால், இருட்டில் ஓர் ஆள் உருவாகிவிடுகிறார்.

இது அபூர்வமும் இல்லை. 35 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வந்த கட்டுரை, பொதுமக்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கும், மாணவர்களில் 28 சதவீதம் பேருக்கும் ஒருமுறையாவது இது வந்திருப்பதாகச் சொல்கிறது. மாணவர்களிடம் ஏன் இவ்வளவு என்று யோசித்தால், தேர்வுக் காலத்து இரவுகள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன. தூக்கம் குறைவது, நேரம் மாறி மாறித் தூங்குவது, மன அழுத்தம், மல்லாந்து படுப்பது: இவையெல்லாம் இதை வரவழைக்கும். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

வந்துவிட்டால் முழு உடம்பையும் உதறி எழப் பார்க்காதீர்கள். பதற்றம் கூடுமே தவிர வேறு பயனில்லை. மூச்சு தானாக ஓடுகிறது, நம்புங்கள். கால் கட்டைவிரலையோ நாக்கையோ மட்டும் அசைக்கப் பாருங்கள். பெரும்பாலும் சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் விலகிவிடும்.

[திரையில்: மூடிய இமைக்குள் இடமும் வலமும் ஓடும் கண்.]

இனி இதன் மறுபக்கம். விழிப்பும் ரெம் தூக்கமும் கலக்கும்போது கனவுக்குள்ளேயே 'இது கனவு' என்று தெரிந்துவிடுவதும் உண்டு. அதுதான் லூசிட் ட்ரீம்.

இதை எப்படி நிரூபிப்பது? கண் தசைகள் முடங்குவதில்லை என்று பார்த்தோம் அல்லவா? இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் 1975இல் கீத் ஹெர்ன் அதைத்தான் பயன்படுத்தினார். ஆலன் வோர்ஸ்லி என்பவர் கனவுக்குள் இருந்தபடி, முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்தார். கருவி அதைப் பதிவு செய்தது. 2021இல் வெளியான ஆய்வில், கனவு காண்பவரிடம் எட்டிலிருந்து ஆறைக் கழிக்கச் சொன்னார்கள். கண்ணசைவில் இரண்டு என்று பதில் வந்தது! தூங்குகிறவர் கணக்குப் போட்டுப் பதில் சொல்கிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பழகுவதற்கு, முதலில் கனவுகளை எழுந்ததும் எழுதுங்கள். நினைவில் நிற்காத கனவை அடையாளம் காண முடியாது. பகலில் அவ்வப்போது மூக்கைப் பொத்தி மூச்சிழுத்துப் பாருங்கள். பழகிவிட்டால் கனவிலும் இதைச் செய்வீர்கள். கனவில் பொத்திய மூக்கிலும் பெரும்பாலும் மூச்சு வரும், அதை வைத்தே இது கனவு என்று பிடித்துவிடலாம். அப்புறம், ஸ்டான்ஃபோர்டின் ஸ்டீவன் லாபெர்ஜ் உருவாக்கிய முறை: சுமார் ஐந்து மணி நேரத் தூக்கத்துக்குப் பின் எழுந்து, 'அடுத்த கனவில் இது கனவு என்று உணர்வேன்' என்று மனத்தில் பதித்துக்கொண்டு மறுபடி தூங்குவது. உணர்ந்ததும் பறக்கத் துடிக்காதீர்கள், கனவு கலைந்துவிடும். உள்ளங்கைகளைத் தேய்த்து, சுற்றியிருப்பதை நிதானமாகப் பாருங்கள். எல்லாவற்றையும் ஆட்டிவைக்க முடியும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். கதவைத் திறந்தால் யார் நிற்பார் என்பதைக் கனவுதான் பல நேரம் முடிவு செய்யும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இடையில் எழுந்து தூங்கும் இந்த முறையால் அமுக்குவானும் வரலாம். பழகியவர்கள் சிலர் அப்போது பயப்படாமல், உடம்பை அப்படியே விட்டுவிட்டு, ஓர் இடத்தை மனத்தில் வரைந்து, அங்கிருந்தே கனவுக்குள் போய்விடுகிறார்கள். பயம் இன்னும் போகாதவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. தூக்கக் குறைவு உள்ளவர்களும், எது நிஜம் என்ற குழப்பம் வரும் மனநோய் உள்ளவர்களும் பயிற்சியில் இறங்க வேண்டாம். கனவுக்கென்று விற்கும் மாத்திரைகளை யாருமே தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

அமுக்குவான் அடிக்கடி வந்து, கூடவே பகலில் அடக்க முடியாத தூக்கமோ, சிரிக்கும்போது முழங்கால் துவண்டு போவதோ இருந்தால், அது நார்கோலெப்சி என்ற தூக்க நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. நரம்பியல் மருத்துவரிடமோ தூக்க மருத்துவரிடமோ போய், அமுக்குவானோடு இந்த அறிகுறிகளையும் சேர்த்தே சொல்லுங்கள்.