பழைய பைக்கில் பிரேம் பெண்டு என்றால் என்ன செய்வது?

வணக்கம் நேயர்களே. பழைய பைக் வாங்கி ஓட்டிப் பார்க்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, நேராகப் போகையிலும் ஹேண்டில்பார் கோணலாக நிற்கிறது. யாராவது ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு "பிரேம் பெண்டுங்க, வண்டி அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுவார். வண்டியின் எலும்புக்கூடான பிரேம் வளைந்துவிட்டது என்று அர்த்தம். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு முறை கீழே விழுந்த வண்டியில் முன்ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்கள், அதன் பிடிப்பான்களுக்குள் முறுக்கிக்கொண்டு நிற்பது சகஜம். போல்ட்டுகளைத் தளர்த்தி, நேராக்கி, திரும்ப இறுக்கினால் வேலை முடிந்தது. டயரில் காற்று, ஹேண்டில் திரும்ப உதவும் கோன்செட் பேரிங், பின்சக்கரத்தின் செயின் அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் இருக்கிறதா, இதையெல்லாம் பார்த்த பிறகுதான் பிரேம் மேல் சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகம் வந்தால் முதலில் கழுத்தைப் பாருங்கள், அதாவது ஃபோர்க் வந்து பிரேமில் சேரும் இடம். எதிலாவது நேராக மோதிய வண்டி பெரும்பாலும் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். டேங்கைக் கழற்றி, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் குழாயில் சின்னச் சுருக்கம், மெல்லிய கோடாக விரிந்த பெயின்ட், வெல்டிங் ஓரத்தில் துரு, இதெல்லாம் தெரியும். ஹேண்டில் முழுதாகத் திரும்பும்போது முட்டி நிற்கும் ஸ்டாப்பர் நசுங்கியோ உடைந்தோ இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டியில் கழுத்து மட்டும் புதுப் பெயின்ட்டில் பளபளத்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

வீட்டிலேயே நூல் பிடித்தும் பார்க்கலாம். வண்டியை நேராக நிறுத்தி, பின்டயரின் பின்னால் நூலைச் சுற்றி, அந்த டயரின் இரண்டு ஓரங்களையும் தொட்டபடி முன்சக்கரம் வரை இழுத்தால், நேராக வைத்த முன்டயருக்கு இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி வர வேண்டும். (சில மாடல்களில் கம்பெனியே சக்கரத்தைச் சில மில்லிமீட்டர் தள்ளி வைத்திருப்பதும் உண்டு, மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஆனால் கழுத்து நேராகப் பின்னால் தள்ளப்பட்டிருந்தால் நூல் அதைக் காட்டாது. அதற்கு அதே மாடல் வண்டி ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி, முன்டயருக்கும் இன்ஜினுக்கும் உள்ள தூரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, உண்மையிலேயே பெண்டுதான், அப்புறம்? சீட்டுக்குக் கீழே போல்ட் போட்டு மாட்டும் சப்ஃபிரேம் மட்டும் என்றால் கவலை வேண்டாம், மாற்றிவிடலாம். கழுத்து வளைந்திருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். ஸ்டீல் பிரேம் என்றால் ஜிக்கில் (பிரேமை அசையாமல் பிடிக்கும் சட்டம்) பூட்டி அளந்து இழுக்கும் பட்டறையில் நிமிர்த்த வாய்ப்பிருக்கிறது. கேஸ் வைத்துக் காய்ச்சி, இரும்புக் குழாயை நுழைத்து நெம்புகிற இடம் வேண்டவே வேண்டாம். அலுமினிய பிரேம் வேறு கதை. வளைத்தால் விரிசல் விடும், வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் பலமே குறைந்துபோகும், பிரேமை மாற்றுவதுதான் நல்லது. அந்தச் செலவு வண்டி விலையையே தொடும் என்றால் இன்ஜினையும் மற்ற பாகங்களையும் பிரித்து விற்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

விற்றவரிடம் பேசப் போகிறீர்களா? அதற்கு முன்னால் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம் என்பேன். கழற்றிய பிறகு போனால் "நீங்கள்தான் கெடுத்துவிட்டீர்கள்" என்பார். டேங்கைக்கூடப் பட்டறையிலேயே கழற்றச் சொல்லி, போட்டோ எடுத்து, அளவுகளைத் தேதியோடு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். விபத்தான வண்டி என்பதை மறைத்து விற்றார் என்று காட்ட உங்கள் கையில் இருப்பது அந்தத் தாளும், வாங்கும்போது அவர் அனுப்பிய மெசேஜ்களும்தான். இன்னொன்று, சேசிஸ் நம்பர் பல வண்டிகளில் அந்தக் கழுத்திலேயேதான் பொறித்திருக்கும். அந்த இடத்தில் அரம் போட்ட தடமோ எழுத்து வரிசையில் கோணலோ தெரிந்தால் ரிப்பேர் பேச்சை நிறுத்திவிட்டு, வண்டிப் பதிவு அலுவலகத்தில் ஆர்சி புத்தகத்தோடு நம்பரை ஒப்பிடச் சொல்லுங்கள்.