புல்லும் ஆயுதம்தான்

(கும்பகோணத்தில் ஒரு கல்லூரியின் இயற்கை மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, வயலில் வேலை கிடக்க அதை விட்டுவிட்டு வந்திருக்கிற ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, எனக்கு நேர் எதிரே அமர்ந்துவிட்டதால் இன்றைக்குத் தப்பிக்க வழியில்லாத, வாய்க்கால் தூர்வாருவதைக் கவனிக்கிற பொறியாளர் அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகக் கோரைப் பாய் ஒன்றை என் கையில் கொடுத்த மன்றச் செயலாளர் தம்பி அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, ஒலிபெருக்கிக்காரர் அவர்களே! கடைசியாகச் சொன்னவரை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பது மேடை ஏறிய எல்லோருக்கும் தெரியும்.

‘மழைக்காட்டு மக்கள் வாழ்வில் தாவரங்கள்’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கிற டெல்டாவில் மழைக்காட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. உணவு, உறைவிடம், மருந்து என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு பேசப்போகிறேன். மூன்றுக்கும் சேர்த்து நம் பாட்டிமார் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்: வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்.

முதலில் உணவு. கல்யாணப் பாயசத்தில் மிதக்கிற ஜவ்வரிசி சேலத்துப் பக்கத்து ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது. அந்த மரவள்ளி தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். அமேசான் காட்டு மக்கள் அதில் கசப்பு வகையைத்தான் பெரிதும் பயிரிடுகிறார்கள். அதைப் பச்சையாகத் தின்றால் சயனைடு நஞ்சு ஆளைக் கொல்லும். அவர்கள் என்ன செய்கிறார்கள்? கிழங்கைத் துருவி, ‘திப்பிதி’ என்ற நீண்ட பின்னல் குழாயில் திணிக்கிறார்கள். காட்டுச் செடியின் தண்டைக் கிழித்து நெய்த குழாய் அது. உத்தரத்தில் தொங்கவிட்டுக் கீழே கழி கோத்து இழுத்தால், குழாய் நீண்டு ஒடுங்கி நஞ்சுச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். பிறகு மாவை வறுத்து உண்கிறார்கள். சாற்றையும் கொட்டுவதில்லை, நன்றாகக் கொதிக்கவைத்து நஞ்சை ஓட்டிவிட்டுக் குழம்புக்கு ஊற்றிக்கொள்கிறார்கள். இரும்பு இல்லை, மின்சாரம் இல்லை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்!

அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால் ஆனைமலைக்கு வாருங்கள். அங்கே வாழும் காடர் என்ற பழங்குடி மக்களில், மணக்கப்போகும் பெண்ணுக்கு ஆண்மகன் தன் கையால் மூங்கிலில் சீப்புச் செதுக்கித் தருவது பழைய வழக்கம். இந்த மண்டபத்து இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கைத்திறன் உண்டு? சிரிக்காதீர்கள், மாணவிகள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உறைவிடத்துக்கு வருகிறேன். மேகாலயாவில் சிரபுஞ்சிப் பக்கம் ‘காசி’ என்ற பழங்குடி மக்கள் (கங்கைக்கரைக் காசி அல்ல) பாலத்தைக் கட்டுவதில்லை, வளர்க்கிறார்கள். ஓடைக்கரையில் ரப்பர் ஆலமரம். அதன் விழுதுகளையும் வேர்களையும், குடைந்த பாக்கு மரத் தண்டின் வழியாக அக்கரைக்குச் செலுத்துகிறார்கள். அது ஆள் நடக்கும் பாலமாக 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதன் பிறகு ஆண்டு ஆகஆக வேர் தடித்துக்கொண்டே போகும். வேர் கரையைத் தின்றுவிடும் என்பார்கள். பொறியாளர் அவர்களே, வேர் கரையைத் தின்னாது, பிடிக்கும். நம் வெட்டிவேரையே எடுத்துக்கொள்ளுங்கள். நேர் கீழே 3 மீட்டர் வரை இறங்கக்கூடியது.

கரை என்றதும் ஒரு கல்யாணம் நினைவுக்கு வருகிறது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், காலை முகூர்த்தம். நாகஸ்வர வித்துவான் பெரியவர். வாத்தியத்தைத் திண்ணையில் சாய்த்துவிட்டு இட்லி சாப்பிடப் போனார். வாத்தியத்தின் ஊதுமுனையில் செருகும் சீவாளிகள் நூலில் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. பெண் வீட்டு ஆடு வந்தது, முகர்ந்தது. அத்தனையையும் தின்றுவிட்டது! ஆட்டைக் குறை சொல்லமுடியாது. சீவாளி ஆற்றங்கரைக் கொறுக்கைத் தட்டையில் செய்வது, அது புல் சாதி. பெரியவர் திரும்பி வந்து பார்த்தார். சத்தமில்லாமல் தவில்காரர் காதில் ஏதோ சொன்னார். தவில்காரர் பிடித்தார் பாருங்கள், அரை மணி நேரம் நிறுத்தவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா என் பக்கம் குனிந்து, “இந்த ஊரில் தனி ஆவர்த்தனத்தை முதலிலேயே வைத்துவிடுவார்களா?” என்று கேட்டார். அதற்குள் பெண்ணின் மாமா மொபெட்டில் பறந்து, பக்கத்து ஊர்க் கோயில் வித்துவானைக் குளத்திலிருந்து ஈரவேட்டியோடு கரையேற்றி, ஒரு சீவாளி வாங்கிவந்தார். சரியாகக் கெட்டிமேளத்துக்கு வந்து சேர்ந்தார். பெண்ணின் பாட்டி மட்டும் விடவில்லை. “ஆட்டுக்கு ஒரு கல்யாணி வாசிக்கச் சொல்லுங்கள்” என்றார்.

பந்தியில் பெரியவர் என்னிடம் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. “ஆடு தின்றதில் வருத்தமில்லை ஐயா. முன்பெல்லாம் கரையில் இறங்கினால் தட்டை கிடைக்கும். இப்போது நல்ல தட்டைக்கு அலையவேண்டியிருக்கிறது.”

திருவாவடுதுறைச் சீவாளி, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் என்று பெருமை பேசுகிறோம். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை ஊதிய காற்றும் ஒரு புல்லின் வழியாகத்தான் போயிற்று. அந்தப் புல் நிற்க ஒரு முழம் கரை வேண்டாமா? ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்கு முன்னால் தூர்வார வருகிறார்கள். தூர்வாரத்தான் வேண்டும், நானும் விவசாயி. ஆனால் பொக்லைன் இரண்டு கரையிலும் இறங்கிக் கொறுக்கை, நாணல், மூங்கில், தாழை என்று எல்லாவற்றையும் வழித்துவிட்டுப் போகிறது. அடுத்த மழையில் வழித்த கரை சரிந்து, அதே மண் மறுபடி வாய்க்காலுக்குள் விழுகிறது. அதை அள்ள மறுபடி டெண்டர். நான் கேட்பது ஒன்றுதான். ஒரு கரையில் நின்று வாருங்கள், மறு கரையைத் தொடாதீர்கள். அடுத்த முறை கரை மாற்றிக்கொள்ளுங்கள். காட்டு மக்களும் ஓரிடத்தில் பயிரிட்டுவிட்டு, அதைக் காடேறவிட்டு வேறிடம் போகிறவர்கள்தான்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். மருந்து பாக்கி இருக்கிறது. அமேசான் மக்கள் அம்பு நுனியில் தடவிய ‘குராரே’ என்ற கொடிச்சாற்று நஞ்சை 1942-இல் மாண்ட்ரீல் நகரத்து மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தப் பயன்படுத்தினார்கள் என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். மற்றதை அடுத்த ஆண்டு அழைத்தால் பேசுகிறேன்.

வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. ‘தூர்வாரும்போது ஒரு கரையை விட்டுவைக்கவேண்டும்’ என்று ஒரே பக்கம்தான். ஊராட்சித் தலைவர் முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பொறியாளர் அவர்கள் கையெழுத்துப் போடவேண்டாம், வாங்கிக்கொண்டால் போதும். சுண்டலும் காப்பியும் அந்த மேசையைத் தாண்டித்தான் வைத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.