லியோ ப்ரௌவர்: புதுசா கிட்டார் பிடிக்கிறவங்களையும் மதிச்ச கம்போசர்

எல்லாருக்கும் வணக்கம். லியோ ப்ரௌவரைப் பத்திப் பேசணும்னா பொதுவா ஆர்க்கெஸ்ட்ராவோட சேர்ந்து கிட்டார் வாசிக்கிற அவரோட கான்செர்ட்டோக்கள்ல இருந்துதான் ஆரம்பிப்பாங்க, பெரிய கிட்டாரிஸ்டுகளான ஜூலியன் ப்ரீமுக்கு ஒண்ணு எழுதினாரு, ஜான் வில்லியம்ஸுக்கு ஒண்ணு எழுதினாருன்னு. அதெல்லாம் பெரிய விஷயம்தான், இல்லைங்கல. ஆனா என்னைக் கேட்டா, கத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்காக அவர் எழுதின இருபது குட்டி எட்யூட், அதாவது பயிற்சிக்கான சின்ன இசைத்துண்டு, இருக்கே, அதுதான் அவரோட பெரிய சாதனைன்னு சொல்லுவேன், அதைச் சொல்லத்தான் இன்னைக்கு வந்திருக்கேன்.

1939 மார்ச் 1, ஹவானாவுல பிறந்தவரு. கியூபா முழுக்கப் பேர் வாங்கின கம்போசர் எர்னஸ்டோ லெகுவோனா இவரோட பாட்டிக்குத் தம்பி, அப்பாவும் பொழுதுபோக்கா கிட்டார் வாசிக்கிறவரு. முறையா சொல்லிக் கொடுத்தது ஐசாக் நிக்கோலா, அவர் எமிலியோ புஹோலோட சிஷ்யர், புஹோல் ஸ்பெயினோட பழைய கிட்டார் மேதை தாரெகாவோட சிஷ்யர், அப்போ பரம்பரை எங்க போய் நிக்குதுன்னு பாத்துக்கங்க. இப்படி ஒரு வழியில வந்த பையன் அதையே பத்திரமா வாசிச்சுக்கிட்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். இவருக்கு வேற குறை. இருபதாம் நூற்றாண்டோட பெரிய கம்போசர்களான பார்டோக் கிட்டாருக்கு ஒரு சொனாட்டா எழுதலையே, ஸ்ட்ராவின்ஸ்கி ஒண்ணும் எழுதலையேன்னு ஒரு ஏக்கம், சரி அந்த இடத்தை நாமளே நிரப்புவோம்னு இருபது வயசுக்கு முன்னாடியே எழுத உக்காந்துட்டாரு.

அப்புறம் அமெரிக்கா போய் ஜூலியார்ட்லயும் ஹார்ட்ஃபோர்ட் யுனிவர்சிட்டிலயும் கொஞ்ச காலம் படிச்சாரு, திரும்பி வந்தப்ப கியூபாவுல புரட்சி முடிஞ்சு எல்லாமே புதுசா ஆரம்பிச்சுக்கிட்டு இருந்துச்சு. 1961ல வார்சா இசைவிழாவுக்குப் போனவரு அங்க போலந்து நாட்டு நவீன கம்போசர் பென்டரெட்ஸ்கி மாதிரி ஆளுங்களோட மியூசிக்கைக் கேட்டு ஆடிப்போயிட்டாரு, அந்தத் தாக்கம் 1971ல வந்த 'லா எஸ்பிரால் எட்டெர்னா'ங்கற கிட்டார் பீஸ்ல அப்படியே தெரியும், பக்கத்து பக்கத்து ஸ்வரம் மூணு, அதையே திரும்பத் திரும்ப வேகமா சுத்தவிட்டு ஆரம்பிக்குது, போகப் போக ஃப்ரெட்போர்டு மேல, அதாவது இடது கை அழுத்தற அந்தப் பலகை மேல, விரலால தட்டறதே மியூசிக்கா மாறிடும்.

வாத்தியார் வேலையைப் பத்திச் சொல்லியே ஆகணும். ஹவானா கன்சர்வேட்டரில ஹார்மனி, கம்போசிஷன் எடுத்தாரு. 1969ல கியூபத் திரைப்பட நிறுவனத்துக்குள்ள ஒரு சோதனை இசைக்குழுவை ஆரம்பிச்சாரு, சில்வியோ ரோட்ரிகஸ், பாப்லோ மிலானெஸ்னு பாட்டுப் பாடிக்கிட்டு இருந்த இளவட்டங்களை உக்கார வெச்சு ஹார்மனியும் கவுன்ட்டர்பாயின்ட்டும் சொல்லிக் கொடுத்தாரு, அவங்கதான் பின்னாடி லத்தீன் அமெரிக்கா முழுக்கக் கொண்டாடின பாடகர்கள் ஆனாங்க. படிச்ச மியூசிக், படிக்காத மியூசிக்னு அவர் பிரிச்சுப் பார்க்கவே இல்ல, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

இப்போ எட்யூடுக்கு வரேன். முதல் செட் அறுபதுகளோட தொடக்கத்துல எழுதினது. அதுவரைக்கும் ஆரம்ப ஸ்டூடண்டுக்குக் கிடைச்சதெல்லாம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு சரக்கு, நல்ல சரக்குதான், ஆனா நவீன மியூசிக் வேணும்னா பல வருஷம் காத்திருக்கணும். இவர் முதல் எட்யூட்லயே கட்டைவிரல்கிட்ட மெலடியைக் கொடுத்துட்டு மேல் ஸ்ட்ரிங்கை சும்மா துணைக்கு வெச்சாரு, அந்தப் பழைய ஆஃப்ரோ கியூபன் தாளம் கீழ இருந்து முட்டிக்கிட்டு வருது. ஆறாவதைப் பாருங்க, வலது கைக்கு ஒரே ஒரு ஆர்பெஜியோ பேட்டர்ன், அதாவது கார்டுன்னு சொல்ற ஸ்வரக்கூட்டத்தை ஒண்ணொண்ணா மீட்டற முறை, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் மாறாது. இடது கை ஒரு வடிவத்தைப் பிடிச்சு அப்படியே நகர்த்துது, நடுவுல ஓப்பன் ஸ்ட்ரிங் நகராம அதே இடத்துல ஒலிச்சுக்கிட்டே இருக்கு. கைக்குக் கஷ்டமே இல்ல, ஆனா காதுக்கு ஒவ்வொரு தாளக்கட்டத்துலயும் எதிர்பாராத ஒரு கார்ட். பிரேசில் கம்போசர் வில்லா லோபோஸ் இந்த வித்தையை முன்னாடியே பண்ணியிருக்காரு, ஆனா அவரோட எட்யூட் எல்லாம் கைதேர்ந்தவங்களுக்கு, ப்ரௌவர் அதைக் கத்துக்குட்டி கையில கொடுத்துட்டாரு. தானே கிட்டாரிஸ்டா இல்லாத ஒருத்தருக்கு இது தோணியிருக்காதுன்னு உறுதியா சொல்லுவேன்.

எண்பதுகள்ல வலது கை விரல் தசைநாண் பாதிச்சு மேடையில வாசிக்கிறது நின்னுபோச்சு. மனுஷன் அசரலை, கண்டக்டிங் பக்கம் முழுசாப் போனாரு, தொண்ணூறுகள்ல ஸ்பெயின்ல கோர்டோபா ஆர்க்கெஸ்ட்ராவை வளர்த்தெடுத்தாரு. 1981ல அமெரிக்க கிட்டாரிஸ்ட் ஷாரன் இஸ்பினுக்காக எழுதின 'எல் டெகாமெரோன் நெக்ரோ' ஆப்பிரிக்கக் கதைகளை வெச்சு வந்தது, யாழ் வாசிக்க ஆசைப்பட்டதுக்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு போர்வீரன், சண்டையில தோக்கற நிலைமை வந்ததும் ஊர்க்காரங்களே வந்து கூப்பிடறாங்க, போய் ஜெயிச்சுக் கொடுத்துட்டு மறுபடி யாழுக்கே திரும்பிடறான்.

அறுபது வயசு தாண்டினப்புறம் அவர் மறுபடி உக்காந்து இன்னும் பத்து எளிய எட்யூட் எழுதினாரு, ஒவ்வொண்ணும் ஒரு கம்போசருக்கு மரியாதை, சோர், தாரெகா, டெபுஸ்ஸி, பியாசோலா, ஸ்ட்ராவின்ஸ்கின்னு. கிட்டாருக்கு எழுதாம போனாரேன்னு சின்ன வயசுல ஏங்கின அந்த ஸ்ட்ராவின்ஸ்கியை ஆரம்ப ஸ்டூடண்டோட நோட்டுக்குள்ளயே கொண்டுவந்துட்டாரு. சரி, இப்போ தம்பி அந்த ஆறாவது எட்யூடை வாசிப்பாரு, வலது கையை விட்டுடுங்க, இடது கை எவ்வளவு கம்மியா வேலை செய்யுதுன்னு மட்டும் கவனிங்க.